மூன்று கிராம் மைக்ராஸ்கோப்புக்கு ஐந்து கிராம் தகடு

"ட்ர்ர்ர்ர்ர்" என்று ஒரு சத்தம்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணி. ஆராய்ச்சி நிலையத்தின் ஸ்டோர் வாசலில் தேநீர்க் கோப்பையும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன். உள்ளே யாரோ துளை போடுகிறார்கள், ஏதோ அலமாரிக்குத் தாழ்ப்பாள் வைக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து ஒரு வாய் குடித்தேன். சத்தம் நின்றது. அடுத்து "டக்" என்று சின்னதாக ஓர் ஓசை. வேர்க்கடலைத் தோலை இரண்டு விரலால் நசுக்கினால் வருமே, அந்த மாதிரி.

அந்த ஓசை எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளே போனேன்.

ஸ்டோர்காரர் மேசைமேல் குனிந்திருந்தார். வலது கையில் துளை போடும் மெஷின். இடது கையில் இடுக்கி. இடுக்கியின் வாயில் என் மைக்ராஸ்கோப்.

"வாங்க டாக்டரம்மா. ஒரு ஓட்டை முடிஞ்சுது. இன்னொண்ணு போட்டா தகடு ஜம்முனு உக்காந்துடும். அஞ்சே நிமிஷம்."

"என்ன பண்றீங்க?"

"தகடு மாட்டறேன்."

கோப்பையை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மைக்ராஸ்கோப் என்றதும் பள்ளிக்கூடத்தில் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வெங்காயத் தோலைப் பார்த்தோமே, அந்தக் கனத்த இரும்புச் சாமானை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது கட்டைவிரல் நுனி அளவுதான் இருக்கும். எடை மூன்று கிராம். சுண்டெலியின் தலையில் தொப்பி மாதிரி உட்காரும். எலி பாட்டுக்கு ஓடும், மோந்து பார்க்கும், மூலையில் உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் அதன் மூளைக்குள் எந்தெந்தச் செல் விழித்துக்கொள்கிறது என்று இந்தக் குட்டிச் சாமான் படம் பிடித்து, நூல் மாதிரி ஒரு வயர் வழியாக மேசைமேல் இருக்கும் பெட்டிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும்.

எலியின் எடையே இருபத்தைந்து கிராம். தலையில் மூன்று கிராம் ஏற்றினால் போனால் போகிறதென்று பொறுத்துக்கொள்ளும். ஸ்டோர்காரரின் மேசையில் பளபளவென்று கிடந்த அலுமினியத் தகட்டை, நிலையத்தின் சொத்து எண் பொறித்தது, பிற்பாடு எடை போட்டுப் பார்த்தேன். ஐந்து கிராம். எட்டு கிராமைத் தலையில் ஏற்றினால் எலி ஓடாது. மூக்கால் தரையைத் துடைத்துக்கொண்டு போகும்.

எடையை விடுங்கள். துளை போட்ட அதிர்ச்சியில் மைக்ராஸ்கோப்பின் கூடு மேலிருந்து கீழ்வரை இரண்டாகப் பிளந்திருந்தது.

"யார் உங்கள ஓட்டை போடச் சொன்னது?"

ஸ்டோர்காரர் மெஷினைக் கீழே வைத்தார். முகம் வெளுத்திருந்தது. "மேடம்தான் சொன்னாங்க. நேத்து பசை வெச்சுப் பாத்தோம், நிக்கல. காலைல ஃபோன் பண்ணி ரெண்டு ஓட்டை போட்டு பின் வெச்சுடுன்னு சொன்னாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

மேடம் என்பது எங்கள் நிலையத்தின் கொள்முதல் அதிகாரி. ஊசி முதல் உறைபெட்டி வரை எது வாங்கினாலும் அவர் கையெழுத்து வேண்டும். அந்த மேடம் என் கணவரின் அக்கா. வீட்டில் மாடியில் அவர், கீழே நாங்கள். எனக்கு அண்ணி.

இந்த உறவால் எனக்கு ஏதாவது சலுகை கிடைத்திருக்கும் என்று நினைப்பவர்கள் என் கதையைக் கொஞ்சம் கேட்க வேண்டும்.

மூளை ஆராய்ச்சிக்கான இந்தக் குட்டி மைக்ராஸ்கோப்பைத் தயாராகச் செய்து விற்கும் கம்பெனிகள் உண்டு. விலையைச் சொன்னால் எங்கள் ஆய்வகத் தலைவருக்கு விக்கல் வரும். ஆனால் சில ஆய்வகங்கள் கூடிப் பேசி, வரைபடத்திலிருந்து திருகாணியின் நீளம் வரை எல்லாவற்றையும் இணையத்தில் போட்டுவிட்டன. யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்துகொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். உதிரிகளை வாங்கிச் சேர்க்க வேண்டியது மட்டும்தான் நம் வேலை.

கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? கொள்முதல் படிவத்தின் எட்டாவது கட்டம் 'தயாரிப்பாளர் பெயர்' என்று கேட்டது. நான் உண்மையை எழுதினேன்: 'யாருமில்லை. வரைபடம் எல்லோருக்கும் பொது.'

மூன்றாம் நாள் கோப்பு திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் அண்ணியின் முத்து முத்தான கையெழுத்து: 'யாருமில்லாதவரிடமிருந்து வாங்க இயலாது.'

அன்று இரவுச் சாப்பாட்டில் பேச்செடுத்தேன். "அண்ணி, அந்த மைக்ராஸ்கோப் ஃபைலு..."

"வீட்ல ஆபீஸ் பேச்சு கிடையாது. கொழம்பு போட்டுக்கோ."

ஆகவே ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டவள், மறுநாள் காலை அவர் அறை வாசலில் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.

"சொல்லு. இது ஒரு உபகரணமா, நாப்பத்து மூணு சாமானா?"

"இப்போதைக்கு நாப்பத்து மூணு சாமான் அண்ணி. சேத்துட்டா ஒரு உபகரணம்."

"யாரு சேப்பா?"

"நான்தான்."

மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "சட்டைல பட்டன் விழுந்தா மாடிக்குக் குடுத்தனுப்பற ஆளு நீ."

"அது வேற, இது வேற."

"கெட்டுப் போனா யாரக் கேக்கறது? வாரண்டி எங்க?"

"இணையத்துல கேட்டா யாராவது சொல்லுவாங்க."

"யாராவது." அந்தச் சொல்லை வாயில் போட்டு மென்று பார்த்தார். பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "யாராவதுக்கு ஃபோன் நம்பர் இருக்கா?"

நாற்பத்து மூன்று சாமான், ஒன்பது கடை, ஒவ்வொன்றுக்கும் மூன்று விலைப்புள்ளி. அரிசி அளவு லென்ஸ் ஓரிடத்தில், நகத்தளவு சர்க்யூட் இன்னோரிடத்தில். கோப்பு பதினான்கு முறை போய்த் திரும்பியது. அதற்குக் கால் இருந்திருந்தால் முழங்கால்வரை தேய்ந்திருக்கும். இரண்டு வாரம் என்று சொன்னது ஏழு வாரம் ஆனது.

நான் செய்த முட்டாள்தனம், அந்த இரண்டு வாரத்தை நம்பியதுதான். மூன்று எலிகளுக்கு முன்கூட்டியே அறுவை சிகிச்சை முடித்துவிட்டேன். மூளைச் செல் வேலை செய்யும்போது பச்சையாக மின்ன வைக்கும் மருந்து ஒன்று உண்டு. அதைச் செலுத்திச் சில வாரம் காத்திருந்தால் மின்னல் அழகாகத் தெரியும். ரொம்பவும் காத்திருந்தால் செல்களே நோஞ்சானாகிவிடும். கோப்பு நடந்துகொண்டிருந்தபோதே இரண்டு எலிகள் மங்கிவிட்டன. மிச்சம் ஒன்று. அதன் பெயர் மாப்பிள்ளை. உட்கார்ந்த இடத்தில் சாப்பிடுவதைத் தவிர வேறு வேலை செய்யாததால் நான் வைத்த பெயர்.

என் வேலை ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மூன்று பேர் கொண்ட குழு வருகிறது. ஓடுகிற எலியின் மூளையில் செல்கள் மின்னுவதை அவர்கள் கண்ணால் பார்த்தால் இன்னும் இரண்டு வருடம். பார்க்காவிட்டால் என் மேசையை அடுத்த ஆளுக்குத் துடைத்து வைக்க வேண்டியதுதான். "நேரா காட்டிடும்மா, பேச்செல்லாம் அவங்ககிட்ட எடுபடாது" என்று தலைவர் சொல்லியிருந்தார்.

சனியும் ஞாயிறும் உட்கார்ந்து நாற்பத்து மூன்று சாமானையும் சேர்த்தேன். மேசையில் வைத்துச் சோதித்தேன். கண்ணாடி மாதிரி படம். குதிக்காத குறை. அப்போதுதான் அண்ணி அடுத்த விதியை எடுத்தார். சாமான்கள் சேர்ந்து உபகரணம் ஆகிவிட்டன. உபகரணம் என்றால் சொத்து. சொத்து என்றால் பதிவேட்டில் ஏற வேண்டும், தகடு மாட்ட வேண்டும். தகடு இல்லாமல் எதுவும் ஸ்டோரை விட்டு வெளியே போகாது. ஏதோ ஒரு துண்டுக் காகிதம் ஒட்டுவார்கள் என்று நினைத்து, திங்கட்கிழமை மாலை என் மோதிரப் பெட்டியில் பஞ்சு வைத்து, அதில் மைக்ராஸ்கோப்பைப் படுக்கவைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது அந்த மோதிரப் பெட்டியில் இரண்டு துண்டுகளை எடுத்துக்கொண்டு கொள்முதல் அறைக்குப் போனேன். சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை.

"இதைப் பாருங்க."

அண்ணி பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"உடைஞ்சிருச்சா?"

"ஓட்டை போட்டா உடையாம என்ன செய்யும்? மூணு கிராம் பிளாஸ்டிக் அண்ணி அது. இரும்பு பீரோ இல்ல."

அவர் கை மேசைமேல் இருந்த ஃபோன் பக்கம் போனது. பாதியில் நின்று திரும்பி வந்தது. "தப்பு என்னோடதுதான்" என்றார்.

பதினோரு வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. வேறொரு நாளாக இருந்தால் காலண்டரில் குறித்து வைத்திருப்பேன். அன்றைக்கு என் கோபம் அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை.

"பதினாலு தடவ ஃபைல திருப்புனீங்க. பொறுத்துக்கிட்டேன். ரெண்டு எலி போச்சு. அதையும் பொறுத்துக்கிட்டேன். நான் வேலைய விட்டுட்டு வீட்டோட இருக்கணும்னு ஆசைன்னா, நேராவே சொல்லிருக்கலாமே. இவ்ளோ சுத்தி வந்திருக்க வேணாம்."

அண்ணி பேனாவைக் கையில் எடுத்தார். பேனா மூடியைத் திறந்தார், மூடினார்.

"தப்பு என்னோடதுன்னு எழுதித் தரேன். குழுகிட்ட குடு."

"எழுதிக் குடுத்தா அத என்ன பண்றது? மாப்பிள்ள தலையில ஒட்டறதா?"

சிரிக்கும் நிலையில் இருவரும் இல்லை. அண்ணி எழுந்து வந்து, பெட்டியைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "உள்ள இருக்கற கண்ணாடியெல்லாம்?"

பார்த்தேன். லென்ஸ், வடிகட்டிக் கண்ணாடிகள், குட்டி விளக்கு, படம் பிடிக்கும் சில்லு எல்லாம் தப்பித்திருந்தன. துளை அதுவரை போகவில்லை. போனது கூடு மட்டும்.

கூடு விற்ற கடைக்கு அண்ணியே ஃபோன் செய்தார். பன்னிரண்டு நாள் ஆகும் என்றார்கள். ஃபோனை வைத்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வியாழக்கிழமைக்கு இருந்தது இரண்டே நாள்.

பிறகு அண்ணி, "ஏம்மா, வரைபடம் எல்லாருக்கும் பொதுன்னுதானே எழுதின?" என்றார்.

"ஆமா."

"அப்ப அந்தக் கடைக்காரன்கிட்டதான் வாங்கணும்னு என்ன தலையெழுத்து? கூட்ட மட்டும் நாமளே செஞ்சுக்கலாம்ல?"

நிமிர்ந்து பார்த்தேன். ஏழு வாரமாக நான் கரடியாகக் கத்திக்கொண்டிருந்த விஷயத்தை, அவர் எனக்கே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"செய்யலாம். 3டி பிரிண்டர் வேணும்."

"நம்மகிட்ட ஒண்ணு இருக்கே."

"ரிப்பேருக்கு எழுதி அஞ்சு மாசம் ஆச்சு. ஃபைலு இங்கதான் எங்கயோ..."

இருவரும் ஒரே நேரத்தில் மேசையின் இடது ஓரத்துக் கோப்புக் குவியலைப் பார்த்தோம். ஒரே நேரத்தில் பார்வையை விலக்கிக்கொண்டோம்.

அண்ணி ஃபோனை எடுத்தார். முதல் மணியிலேயே மறுமுனை எடுத்தது. என் கணவர் பல் டாக்டர். பகலில் ஃபோன் செய்தால் ஏழாவது மணிக்கு ஒரு செவிலி எடுத்து, "டாக்டர் பிஸி" என்பாள். அதுதான் வழக்கம்.

"டேய், உன் கிளினிக்ல பல்லு அச்சடிக்கற மெஷின் சும்மா இருக்கா?" என்றார் அண்ணி. "ஆமா. அதான் உடைஞ்சிருச்சு. ஆமா. இங்கதான் உக்காந்திருக்கா. நீயே கேளு."

ஃபோனை வாங்கினேன். "எவ்ளோ பெருசு?" என்றார் அவர், வேறு எதுவும் கேட்காமல்.

"ரெண்டு கடவாப்பல்லு சேந்தாப்ல."

"வா. உடனே வா. நான் எல்லாரையும் நாளைக்கு வரச் சொல்லிடறேன்."

ஒரு குழாய்க்கு வாஷர் மாற்ற மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும் மனிதர். நான் வேறு யோசனையில் இருந்ததால் ஆச்சரியப்படவும் மறந்துவிட்டேன்.

கிளினிக் வாசலில் வீங்கிய கன்னத்துடன் ஒருவர் வெளியே போய்க்கொண்டிருந்தார். என்னைப் பார்த்த பார்வையில் நட்பு இல்லை. உள்ளே என் கணவர் கையுறை போட்டுக்கொண்டு தயாராக நின்றார். இணையத்திலிருந்து கூட்டின் வரைபடத்தை இறக்கி அவர் கணினியில் ஏற்றினேன். தாடைகளுக்கும் கட்டுப்பற்களுக்கும் நடுவில் என் மைக்ராஸ்கோப்பின் கூடு திரையில் சுழன்றது.

"ஈறு கலரா, பல்லு கலரா?" என்றார்.

"கறுப்பு இல்லையா?"

"கறுப்புப் பல்லு யாரும் கேக்கறதில்லம்மா."

கூடு கறுப்பாக இருக்க வேண்டும். வெளி வெளிச்சம் உள்ளே புகுந்தால் மூளையின் மெல்லிய மின்னல் தெரியாது. ஆனால் அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பல் நிறத்தையே போடச் சொன்னேன். மெஷின் ஒரு மணி நேரம் முணுமுணுத்தது. முதல் கூட்டில் லென்ஸ் உட்காரவில்லை. சுவர் முடியளவு தடித்துவிட்டது. என் கணவர் அதை வாங்கிப் பார்த்து, பல்லைச் செதுக்கும் கருவியால் உள்ளே இரண்டு சுற்று சுற்றினார். அதிகமாகிவிட்டது. இரண்டாவதற்கு வரைபடத்திலேயே ஒரு முடியைக் குறைத்தோம். அது சொன்னபடி உட்கார்ந்தது. மூன்றாவதாக ஒன்றை எதற்கும் இருக்கட்டும் என்று அவரே அடித்து வைத்தார்.

"ஏங்க, இன்னிக்கி உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்றேன்.

"ஒண்ணுமில்லையே. பொண்டாட்டிக்கு ஒரு ஆபத்துன்னா..." என்று ஆரம்பித்து, கையுறையைக் கழற்றப் போய்விட்டார்.

புதன்கிழமை காலை லென்ஸ், கண்ணாடி, விளக்கு, சில்லு எல்லாவற்றையும் புதுக் கூட்டில் பொருத்தித் திரையைப் போட்டேன். பயந்தபடியே ஆயிற்று. அறை விளக்கின் வெளிச்சம் பல் நிறச் சுவர் வழியாக உள்ளே வந்து, திரை முழுக்க ஒரே வெள்ளை. கல்யாண வீடியோவில் விளக்குக்காரர் முகத்துக்கு நேரே நின்றால் தெரியுமே, அப்படி.

பத்து மணிக்கு அண்ணி என் ஆய்வகத்துக்கு வந்தார். நான் இங்கே வேலைக்குச் சேர்ந்தபின் அவர் இந்தக் கதவைத் தாண்டி வந்தது அதுதான் முதல் தடவை. கையில் ஒரு சின்ன டப்பா, ஒரு மெல்லிய தூரிகை.

"ஸ்டோர்ல மேசை நாற்காலிக்கெல்லாம் நம்பர் எழுதற பெயிண்ட்டு. பளபளக்காது. அரை மணில காயும். ஆகுமா?"

டப்பாவை வாங்கிப் படித்தேன். "ஆகும். ஆனா கை நடுங்குச்சுன்னா லென்ஸ்ல பட்டுடும். நான் நேத்துலேந்து காப்பியிலேயே ஓடிட்டிருக்கேன்."

"நகரு."

கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளே இருந்தவற்றையெல்லாம் கழற்றிக் கொடுத்தேன். தூரிகையில் மூன்று மயிரை மட்டும் நனைத்து, கட்டைவிரல் அளவுக் கூட்டைச் சுற்றி ஒரு பூச்சு, காய்ந்தபின் இன்னொரு பூச்சு. விளிம்புகளில் கோடு பிசகவில்லை.

"எப்படி அண்ணி?"

"வேலைல சேந்தப்ப ஆறு வருஷம் இதான் எனக்கு வேலை. நாற்காலிக்கு அடில படுத்துக்கிட்டு நம்பர் எழுதுவேன்." தூரிகையைத் துடைத்தார். "நிக்கற நாற்காலிக்கு எழுதறத விட இது ஒண்ணும் பெரிசில்ல. சும்மா கெட."

கடைசி வார்த்தை எனக்கா மைக்ராஸ்கோப்புக்கா என்று தெரியவில்லை. இருவரும் சும்மா கிடந்தோம்.

எல்லாவற்றையும் மறுபடி உள்ளே பொருத்தி எடை போட்டேன். மூன்று கிராமும் ஒரு பொட்டும். திரையைப் போட்டேன். இருட்டு, நல்ல கன்னங்கரிய இருட்டு. இப்படி ஓர் இருட்டைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டதே இல்லை.

"சரி. இப்ப தகடு" என்றார் அண்ணி.

மைக்ராஸ்கோப்பை இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன். "அண்ணி, மறுபடியுமா?"

கைப்பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்து, ஏற்கெனவே காகிதம் செருகி வைத்திருந்த பக்கத்தைத் திறந்தார். "'பிரிக்க இயலாதவாறு இணைந்த பகுதிகளை உடைய உபகரணத்துக்கு, ஏதேனும் ஒரு பகுதியில் தகடு பொருத்தினால் போதும்.' அந்தப் பெட்டி எவ்ளோ வெயிட்டு?"

மைக்ராஸ்கோப்பின் வயர் போய்ச் சேரும் பெட்டி அது. மேசையை விட்டு நகராது. "அது அரைக் கிலோ இருக்கும். ஆனா வயரக் கழட்டலாமே அண்ணி. பிரிக்க இயலாததுன்னு எப்படிச் சொல்றது?"

"கழட்டினா வேலை செய்யுமா?"

"செய்யாது."

"வேலை செய்யாதது உபகரணமே இல்ல. உபகரணம் இல்லாததுக்குத் தகடு எதுக்கு?" அலுமினியத் தகட்டைப் பெட்டியின் முதுகில் வைத்து அழுத்தினார். அங்கே பசை நன்றாகவே நின்றது. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "எடுத்துட்டுப் போ. ஆபீஸ் நேரம் முடியறதுக்குள்ள மாப்பிள்ளைக்கு மாட்டிப் பாரு."

வியாழக்கிழமை பதினொரு மணி. குழுவில் வந்தவர்களில் இரண்டு ஆண்கள், ஒரு பெண்மணி. பெண்மணிதான் தலைமை. குட்டை முடி, எதையும் எளிதில் நம்பாத முகம். எங்கள் தலைவர் அவருக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துப் புருவத்தை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். உபகரணத்துக்குப் பொறுப்பு என்ற முறையில் அண்ணி பதிவேட்டோடு கதவோரம் நின்றார். அவருக்குப் பக்கத்தில், எந்த முறையிலும் இல்லாமல், கிளினிக்கைச் சாத்திவிட்டு வந்த என் கணவர்.

மாப்பிள்ளையை வட்டமான பாதையில் விட்டேன். தலையில் கறுப்புத் தொப்பி, மேலே நூல் வயர். திரையில் சாம்பல் நிறம். மாப்பிள்ளை பார்த்தார், இடம் பிடித்திருந்தது, உட்கார்ந்துவிட்டார்.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"எப்பவும் இப்படித்தானா?" என்றார் பெண்மணி.

"கூட்டத்தைப் பாத்தா கொஞ்சம் கூச்சப்படும் மேடம்."

நான்கு நிமிடம். ஆண்களில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தலைவரின் புருவம் ஏறிய இடத்திலேயே நின்றுவிட்டது. இரண்டு வருடம், ஏழு வாரம், இரண்டு நாள் எல்லாம் ஓர் இருபத்தைந்து கிராம் சோம்பேறியின் இஷ்டத்தில் இருந்தன.

பெண்மணிதான் சொன்னார்: "எல்லாரும் ரெண்டடி பின்னால போங்க. பேச வேணாம்."

பின்னால் போனோம். ஆறாவது நிமிடம் மாப்பிள்ளை மூக்கைத் தூக்கினார். எழுந்தார். சுவரோரமாக நடந்து, பிறகு ஓடத் தொடங்கினார்.

திரையில் ஒரு பச்சைப் புள்ளி மின்னியது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. வளைவில் திரும்பும்போது மூன்றாவதாக ஒன்று, பெரிதாக. தூரத்து வீடுகளில் விளக்குப் போடுவது போல ஒன்று மாற்றி ஒன்று மின்னிக்கொண்டே வந்தது. மாப்பிள்ளை ஒரு சுற்று முடித்து அதே வளைவுக்கு வந்தார். அதே பெரிய புள்ளி மின்னியது.

"அதே இடம், அதே செல்லு" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"இன்னொரு சுத்து போகட்டும்" என்றார் பெண்மணி. போனது. மின்னியது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு யாரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

போகும்போது, "கூடு புதுசா இருக்கே. யாரு செஞ்சது?" என்றார்.

"என் வீட்டுக்காரர் மேடம். பல் டாக்டர். வரைபடத்துல ஒரு இடத்துல சுவர் தடிப்பக் குறைச்சிருக்கோம். அதையும் இணையத்துல போட்டுடறேன், யார் வேணா எடுத்துக்கலாம்."

"இன்னிக்கே போடுங்க. எங்க ஆய்வகத்துல நாலு வேணும்." வாசலில் நின்று எங்கள் தலைவரிடம் திரும்பினார். "ரெண்டு வருஷத்துக்கு எழுதிடுங்க. நான் கையெழுத்துப் போட்டுட்டே போறேன்."

அவர்கள் தலைவரின் அறைக்குப் போனதும், ஆய்வகத்தில் நாங்கள் மூன்று பேரும் மாப்பிள்ளையும்தான். தொப்பியைக் கழற்றி அவரைக் கூண்டில் விட்டேன். நேராகச் சாப்பாட்டுக்குப் போனார்.

"அண்ணி, அன்னிக்கு உங்க ரூம்ல நான் பேசினது..."

"வீட்டுப் பேச்சு ஆபீஸ்ல கிடையாது."

"இல்ல, நான் சொல்லியே ஆகணும். வீட்டோட இருக்கணும்னு நீங்க நினைக்கறீங்கன்னு சொன்னேன் பாருங்க, அது தப்பு. மன்னிச்சுக்குங்க."

"வீட்டோட இருந்து என்ன செய்யப் போற? வீட்ல ரெண்டு டாக்டரு, எனக்குக் காய்ச்சல் வந்தா பாக்க ஒரு ஆள் கிடையாது." பதிவேட்டை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கோபம் இல்லை. "விடு. நானும் ஃபைல அத்தன தடவ திருப்பியிருக்க வேணாம். உறவுக்காரி ஃபைலுன்னு நாலு பேரு எட்டிப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. ஒரு காகிதம் கொறஞ்சிருந்தாலும் உன்னத்தான் மொதல்ல கேட்டிருப்பாங்க."

"அதெல்லாம் புரியுது அண்ணி. ஒண்ணு மட்டும்தான் புரியல. இருபது தடவ யோசிக்காம நீங்க ஒரு பென்சிலக் கூட வாங்க மாட்டீங்க. இத்தினூண்டு பிளாஸ்டிக்ல ஓட்டை போடலாம்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

அண்ணி சன்னலைப் பார்த்தார். "அது என்னமோ, தோணுச்சு. அத எதுக்கு இப்ப கிளறிக்கிட்டு?"

பக்கத்தில் என் கணவர் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"அக்கா, போதும். ரெண்டு நாளா எனக்காகத் திட்டு வாங்கினது போதும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், எலிக்கூண்டைப் பார்த்துச் சொன்னார்: "திங்கக்கெழம ராத்திரி, தகடு பசையில நிக்க மாட்டேங்குது, என்னடா பண்றதுன்னு அக்கா என்னக் கேட்டா. நான் பல்லுக்குச் சொல்ற மாதிரியே, ரெண்டு ஓட்டை போட்டு பின் வெச்சுடுக்கா, ஜென்மத்துக்கும் ஆடாதுன்னு சொல்லிட்டேன்."